கியர் பாக்ஸைக் கழற்றச் சொல்வதற்கு முன் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள்

பழைய காரில் கியர் மாறும்போது ஒரு குலுக்கல், டிரைவில் போட்டதும் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம், சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் உதறல். இதெல்லாம் சேர்ந்து வந்தால் கியர் பாக்ஸ் போய்விட்டது என்றுதான் பெரும்பாலானவர்கள் முடிவு கட்டுகிறார்கள். கியர் பாக்ஸ் செலவு வைக்கிற பாகம், அதனால் பயம் வருவது இயல்புதான். ஆனால் அதே குலுக்கலையும் அதே சத்தத்தையும் கிழிந்துபோன ஒரு ரப்பர் மவுண்டும் கொடுக்கும். அது எது என்று பிரித்துப் பார்க்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், காரை ஓட்டத் தெரிந்த ஒரு துணை ஆள், கொஞ்சம் பொறுமை, பெரும்பாலும் இவ்வளவு போதும். இதுவரை பானட்டைத் திறந்தே பார்க்காதவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மவுண்ட் என்ன வேலை செய்கிறது

இன்ஜினும் கியர் பாக்ஸும் போல்ட் போட்டு ஒரே கட்டாக இணைக்கப்பட்டவை. அந்த முழுக் கட்டும் பாடியின் மேல் நேரடியாக உட்காராது, இடையில் ரப்பர் வைத்த மவுண்ட்கள் இருக்கும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காத நிலையில், 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) ஓடுகிறது என்றால் வினாடிக்கு 25 முறை எரிப்பு நடக்கிறது. ஒவ்வொரு எரிப்பும் ஒரு சின்ன உதை. அந்த உதைகள் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் வராமல் தடுப்பது அந்த ரப்பர்தான். எடையைத் தாங்குவது, அதிர்வை விழுங்குவது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் புரண்டு சாயாமல் பிடித்து வைப்பது என்று மூன்று வேலையையும் அதுவே பார்க்கிறது.

இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் முன்சக்கர இழுவை கார்களில் பொதுவாக இன்ஜின் பக்கம் ஒன்று, கியர் பாக்ஸ் பக்கம் ஒன்று என்று இரண்டு மவுண்ட்கள் எடையைத் தாங்கும். சாய்வைத் தடுக்கக் கீழே இன்னும் ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தக் கீழ் மவுண்ட் பல கார்களில் இரண்டு முனையிலும் புஷ் (ரப்பர் வளையம்) வைத்த குட்டையான கம்பி போல இருக்கும், டார்க் ராடு என்பார்கள். ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் இழுபடுவது அதுதான் என்பதால் பல வண்டிகளில் அதன் புஷ்தான் முதலில் தேயும். பின்சக்கர இழுவை கார் என்றால் பெரும்பாலும் இன்ஜினுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, கியர் பாக்ஸின் வால் பக்கம் அடியில் ஒன்று.

கியர் லிவர் பாடியில் இருக்கிறது, கியர் பாக்ஸ் இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிறது. மேனுவல் வண்டியில் நீங்கள் ஆக்ஸிலேட்டரை விட்டு கிளட்ச்சை மிதிக்கும் அந்த நொடியில்தான் சாய்ந்திருந்த இன்ஜின் தன் பழைய நிலைக்கு ஆடித் திரும்புகிறது, அதே நொடியில்தான் லிவரையும் தள்ளுகிறீர்கள். மவுண்ட் தளர்ந்திருந்தால் லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டிய நிலை மாறிப்போய் கியர் முரண்டு பிடிக்கும், லிவரையும் கியர் பாக்ஸையும் இணைக்க லிங்கேஜ் கம்பி வைத்த பழைய வண்டிகளில் இது இன்னும் அதிகம். ஆட்டோமேட்டிக்கில் கியர் தானாக மாறினாலும் ஒவ்வொரு மாற்றத்திலும் இன்ஜின் தரும் திருப்பு விசை ஏறி இறங்கும். அதைத் தாங்க ரப்பர் இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் போய் முட்டும். உள்ளே கியர் சரியாகவே மாறியிருந்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரு இடிதான்.

படி 1: எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள்

இதைச் செய்யாமல் நேராகப் பானட்டைத் திறக்காதீர்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்றால் இன்ஜின் ஓட வண்டியை நிறுத்தி, பிரேக்கை அழுத்தியபடி டிரைவில் வையுங்கள். உதறல் அதிகமாகி, நியூட்ரலுக்கு மாற்றியதும் கணிசமாகக் குறைந்தால் மவுண்ட் மேல் சந்தேகம் வலுக்கிறது. நியூட்ரலிலும் அதே அளவு உதறினால், அதுவும் சீராக இல்லாமல் விட்டு விட்டு உதறினால், இன்ஜினில் மிஸ்ஸிங், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிப்பு சரியாக நடக்காமல் போவது, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போகிற விஷயம் அது. காரின் கணினியில் பதிந்த பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டிப் பார்க்க முடிந்தால், பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஸிங், பி0301 என்றால் முதல் சிலிண்டரில். மிஸ்ஸிங்கைச் சரி செய்யாமல் மவுண்ட் மாற்றினால் பணம்தான் வீண், உதறல் அப்படியே இருக்கும்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ஒரு தட்டு சத்தம் வருகிறதா? ஓடும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டு மறுபடி மிதித்தால் முன்னும் பின்னும் ஒரு முட்டல் தெரிகிறதா? இவை மவுண்டுக்கே உரிய அடையாளங்கள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சத்தம் என்றால் சஸ்பென்ஷன் புஷ்களைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது டக் டக் என்று அடித்தால் சக்கரத்துப் பக்கத்து டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

சரிவில் நிறுத்திய ஆட்டோமேட்டிக் காரைப் பார்க்கிலிருந்து எடுக்கும்போது மட்டும் ஒரு 'டொக்' வந்தால் அது கோளாறு இல்லை. வண்டியின் எடை முழுவதும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பூட்டின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கில் வைத்தால் அந்தச் சத்தம் போய்விடும்.

படி 2: கண்ணால் பாருங்கள்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டார்ச் அடித்து ஒவ்வொரு மவுண்டாகத் தேடுங்கள். மேல் மவுண்ட்கள் பானட்டைத் திறந்தாலே தெரியும், கீழே உள்ளவை தெரியாது. அதற்காக ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஜாக்கி நழுவினால் தப்பிக்க நேரம் இருக்காது. சமதளத்தில் ஸ்டாண்ட் போட்டு, அசைத்துப் பார்த்து, உறுதியாக நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான்.

பார்க்க வேண்டியவை: ரப்பரில் ஆழமான வெடிப்பு, ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நிற்பது, நடுப் போல்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது, இரும்பு முட்டிப் பளபளப்பான தடம். மேலாக மெல்லிய கீறல்கள் இருப்பது வயதான ரப்பருக்கு இயல்பு, அதை மட்டும் வைத்து மாற்ற வேண்டியதில்லை. சில மவுண்ட்களுக்குள் திரவம் இருக்கும். அது ஒழுகினால் மவுண்டின் மேலும் அதற்குக் கீழேயும் கறுப்பாகப் பிசுபிசுப்பு படிந்திருக்கும். ரப்பர் முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே திரவம் போய்விட்டால் அந்த மவுண்ட் தேறாது.

மேலிருந்து இன்ஜின் ஆயில் மவுண்ட் மேல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊறி, மெத்தென்று ஆகி, சீக்கிரம் கிழியும். ஒழுகலை அடைக்காமல் புது மவுண்ட் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

டைமிங் பெல்ட்டோ கிளட்ச்சோ மாற்றிய பிறகுதான் உதறல் ஆரம்பித்தது என்றால் கிழிசலைத் தேடுவதற்கு முன் போல்ட்களைப் பாருங்கள். பல கார்களில் அந்த வேலைக்கு ஒரு மவுண்டைக் கழற்றியாக வேண்டும், திரும்ப மாட்டும்போது போல்ட் சரியாக இறுக்கப்படாமலோ மவுண்ட் முறுக்கிக்கொண்டோ இருந்துவிடும்.

படி 3: இன்ஜினை ஆட விட்டுப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை, கவனமும் இதில்தான் அதிகம் தேவை. சமதளம், காருக்கு முன்னும் பின்னும் காலி இடம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக் முழுசாக. காரின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பின்னாலும் கூடாது. நீங்கள் பக்கவாட்டில் நின்றபடி பார்க்க வேண்டும், கையையும் தொங்கும் துணியையும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கொண்டுபோகக் கூடாது.

ஆட்டோமேட்டிக் என்றால் துணை ஆள் பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தியபடி டிரைவில் வைத்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் கொடுத்து உடனே விடட்டும். பிறகு நியூட்ரல், பிறகு ரிவர்ஸில் அதே போல. ஒவ்வொன்றும் ஓரிரு வினாடிக்கு மேல் வேண்டாம், பிரேக்கில் நிறுத்திக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கியர் பாக்ஸ் ஆயில் வேகமாகச் சூடாகும். மேனுவலில் முதல் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி, கிளட்ச்சை மெதுவாக விட்டு இன்ஜின் லேசாகத் திணறத் தொடங்கியதும் மறுபடி மிதித்துவிட வேண்டும். ரிவர்ஸிலும் ஒரு முறை.

குறுக்குவாட்டு இன்ஜினாக இருந்தால் முன் கியரில் அதன் தலை கேபின் பக்கம் சாயும், ரிவர்ஸில் முன்பக்கம் சாயும். கொஞ்சம் சாய்வது சரிதான், ரப்பர் என்றால் அசையத்தான் செய்யும். சாய்வு தோராயமாக ஓர் அங்குலத்தைத் தாண்டினாலோ, சாயும் முடிவில் 'டக்' என்று முட்டினாலோ, ஒரு பக்கம் இன்ஜின் எழும்பி விழுந்தாலோ மவுண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். துணைக்கு வந்தவர் உள்ளே இருக்க, நீங்கள் போனை எட்டத்தில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத தூக்கல்கூட அதில் தெளிவாகத் தெரியும், பிறகு மெக்கானிக்கிடம் காட்டவும் உதவும்.

சந்தேகம் தீரவில்லையா? இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஜாக்கி மேல் ஒரு மரக்கட்டை வைத்து, இன்ஜினின் உறுதியான பகுதியில் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். ஆயில் சம்ப்பின் மெல்லிய தகட்டில் கொடுக்காதீர்கள், நசுங்கிவிடும். எடை மவுண்டிலிருந்து லேசாக விலகும் அளவுக்குத் தூக்கினால் போதும். நல்ல ரப்பர் கூடவே இழுபடும். கிழிந்தது வாய் பிளந்து காட்டிவிடும்.

படி 4: மவுண்ட் நன்றாக இருக்கிறது, கியர் மட்டும் முரண்டு செய்கிறது என்றால்

மேனுவலில் முதலில் ஒரு எளிய ஒப்பீடு. இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு கிளட்ச்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஆஃப் நிலையில் வழுக்கிக்கொண்டு விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால், அதோடு ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்தினால், கிளட்ச் முழுசாகக் கட் ஆகவில்லை, அதாவது இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸை முழுசாகப் பிரிக்கவில்லை. பெடலை நாலைந்து முறை பம்ப் செய்ததும் கியர் சுலபமாக விழுகிறது என்றால் கிளட்ச்சின் ஹைட்ராலிக் பக்கம்தான் பழுது: ஆயில் குறைவு, காற்றுப் புகுந்தது, மாஸ்டர் அல்லது ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகல். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள்.

ஆஃப் நிலையிலும் லிவர் கொழகொழவென்று ஆடி, கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் லிங்கேஜ் அல்லது கேபிள் முனையில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். சின்னப் பிளாஸ்டிக் துண்டுதான், அதைப் பார்க்காமலே கியர் பாக்ஸை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு கியரில் மட்டும், பெரும்பாலும் இரண்டாவதில், கத்துகிறது என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ, அதாவது கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம். உறுதி செய்ய, கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்து அந்தக் கியரைப் போடுங்கள். கீழிறக்கும்போது என்றால் நடுவில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரும் கொடுங்கள். இப்படிச் செய்யும்போது சத்தமில்லாமல் விழுந்தால் சின்க்ரோதான் தேய்ந்திருக்கிறது, கியர் பாக்ஸைத் திறந்தாக வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் ஆயில்தான் முதல் கேள்வி. டிப்ஸ்டிக் இருந்தால் அந்த வண்டியின் கையேடு சொல்கிற முறையிலேயே பாருங்கள், சிலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சிலவற்றில் நின்றிருக்க வேண்டும். சிவப்பு ஆயில் ஊற்றும் வண்டியில் அது கரும்பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் உரசித் தேய்கின்றன. அளவு குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஐடிலிங் அதிகமாக இருந்தாலும் டிரைவில் போட்டதும் ஒரு இடி வரும், அது கியர் பாக்ஸ் பழுது இல்லை. ஸ்கேனரில் பி0700 வந்தால் அது 'டிரான்ஸ்மிஷன் கணினியிடம் கேள்' என்ற அறிவிப்பு மட்டும்தான், அதோடு சேமிக்கப்பட்ட மற்ற பிழைக் குறியீடுகளைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். பி0715, பி0720 என்றால் வேக சென்சார்கள் அல்லது அவற்றின் ஒயரிங். பி0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதற்குப் பின்னால் ஆயில் குறைவும் இருக்கலாம், வழுக்கும் கிளட்ச்சும் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில நாள் கியர் முரட்டுத்தனமாக மாறினால் பல வண்டிகளில் அது கணினி மறுபடி கற்றுக்கொள்ளும் காலம், கொஞ்சம் ஓட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: மவுண்ட் மாற்றுவதென்று முடிவானால்

கிழிந்த மவுண்டோடு ரொம்ப நாள் ஓட்டாதீர்கள். ஒன்று போனால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும், சைலன்சரின் வளையும் குழாய் விரிசல் விடும், ரேடியேட்டர் ஹோஸும் ஒயரிங்கும் இழுபடும். மாற்றும்போது மற்ற மவுண்ட்களையும் அதே சமயத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். ரப்பருக்குப் பதில் வரும் பாலியூரித்தேன் மவுண்ட் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் கேபினுக்குள் அதிர்வு கூடும். தினசரி ஓட்டும் வண்டிக்கு, வண்டியோடு வந்த அதே வகை ரப்பரையே நான் சொல்வேன்.

மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் வலியுறுத்துங்கள்: எல்லாப் போல்ட்களையும் முதலில் தளர்வாகவே மாட்டி, இன்ஜின் தன் எடையில் இயல்பாக உட்கார்ந்த பிறகு, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் திருப்பு விசை) அளவுக்கு இறுக்க வேண்டும். முறுக்கிய நிலையில் இறுக்கினால் புது மவுண்டிலும் உதறல் வரும். வண்டியை எடுத்த பிறகு படி 3-ஐ இன்னொரு முறை செய்து, பழைய வீடியோவோடு வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஆட்டம் நின்ற பிறகும் கியர் மாறும்போது இடி அப்படியே இருந்தால், இப்போது கியர் பாக்ஸ் மெக்கானிக்கிடம் போகலாம்.