ஷேர்பாயிண்ட் பட்டியலில் நெடுவரிசைக்குப் பெயர் வைக்கும் முறை

மொரிஷியஸில் நான் பணியாற்றும் அலுவலகத்தில், தைப்பூசக் காவடிக்கு முன்பு விடுப்பு விண்ணப்பங்கள் குவியும் என்பதால், அவற்றைப் பதிவு செய்ய, மைக்ரோசாஃப்டின் ஆவணப் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்டில் ஒரு சிறு செயலியை எழுதினேன். அதற்கான நிரல் சட்டகமான ஷேர்பாயிண்ட் ஃப்ரேம்வொர்க்கில் வெப் பார்ட் (பக்கத்தில் பொருத்தும் சிறு நிரல்) ஒன்றை உருவாக்கித் திரையில் காட்டும் அளவுக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று கொள்கிறேன்.

முதலில், விண்ணப்பங்களைச் சேமிக்கும் அட்டவணையான பட்டியலை உருவாக்குங்கள். நெடுவரிசைகளைச் சேர்க்கும்போது அவசரப்படாதீர்கள். எனக்கு இரண்டு நாள் வீணானது இங்கேதான். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் திரையில் தெரியும் பெயர் ஒன்றும், நிரல் அறியும் உட்பெயர் ஒன்றும் உண்டு. முதன்முறை நீங்கள் தட்டச்சு செய்வதிலிருந்தே உட்பெயர் உருவாகிவிடும். பிறகு பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது.

எங்கள் படிவம் பிரெஞ்சில் உள்ளது. முதற்பெயரைக் குறிக்கும் ‘ப்ரேனோம்’ என்ற சொல்லின் நடுவே உள்ள, மேலே உச்சரிப்புக் குறியிட்ட எழுத்து, உட்பெயரில் இருபுறமும் அடிக்கோடு கொண்ட ஏழு குறிகளாக விரிந்தது. அதை அப்படியே நிரலில் எழுதியதும் தரவு வந்தது. ஆனால் விண்ணப்பத்தின் நிலையைக் குறிக்கும் ‘ஏத்தா’ என்ற சொல்லின் முதல் எழுத்தே குறியிட்டது என்பதால், அதன் உட்பெயர் அடிக்கோட்டில் தொடங்கியது. ரெஸ்ட் அழைப்பு (இணைய முகவரி வழியாக நிரல் தரவைக் கேட்கும் முறை) 400 என்ற பிழையைத் தந்து, அப்படியொரு புலமே, அதாவது நெடுவரிசையே, இல்லை என்றது. அடிக்கோட்டில் தொடங்கும் உட்பெயருக்கு முன்னால் ‘ஓடேட்டா’ என்ற சொல்லையும் இன்னோர் அடிக்கோட்டையும் சேர்த்து அழைக்க வேண்டும் என்பது பிறகே தெரிந்தது.

தமிழில் பெயரிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. உட்பெயருக்கு 32 குறிகளே இடம். உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியே ஏழு குறிகளை எடுத்துக்கொள்வதால், ‘விண்ணப்பம்’ என்ற சொல்லில் ‘விண்’ என்பதோடு இடம் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

ஆகவே, உச்சரிப்புக் குறியோ இடைவெளியோ இல்லாத ஆங்கில எழுத்துகளில் நெடுவரிசையை உருவாக்கிச் சேமித்துவிட்டு, அதன் பின்னரே காட்சிப் பெயரைப் பிரெஞ்சிலோ தமிழிலோ மாற்றுங்கள். ஏற்கெனவே தவறாக உருவாக்கியிருந்தால், புதிய நெடுவரிசைக்குத் தரவை நகர்த்துவதே நல்லது என்பேன்.

உட்பெயரைச் சரிபார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பட்டியலின் புலங்களைத் தரும் ரெஸ்ட் முகவரியை உலாவியிலேயே திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: பட்டியல் அமைப்புப் பக்கத்தில் நெடுவரிசையைத் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து உட்பெயரை நகலெடுத்தும் பிழை வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அடிக்கோடு, விழுக்காட்டுக் குறியும் ‘5எஃப்’ என்பதுமாக மாறித் தெரியும். அதை மீண்டும் அடிக்கோடாக்கிய பிறகே நிரலில் ஒட்ட வேண்டும்.