பத்து வயதுப் பிள்ளையிடம் கருக்கால மது பாதிப்பைக் கவனிப்பது எப்படி?

கருக்கால மது பாதிப்பு என்றால், தாய் கர்ப்ப காலத்தில் மது குடித்ததால் பிள்ளைக்கு வரும் பாதிப்பு. சிறப்புக் கல்வி ஆசிரியையான நான் முதலில் பார்ப்பது நினைவாற்றலை. நேற்று சரியாகப் போட்ட வகுத்தல் கணக்கு இன்று சுத்தமாக மறந்திருக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, தயவுசெய்து அடிக்காதீர்கள். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதோடு நின்றுவிடும். நேரம், காசுக் கணக்கு குழப்பும். 11 வயதிலும் 7 வயதுப் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. பேச்சு மட்டும் சரளமாக இருக்கலாம். அதை வைத்துத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

அப்புறம் முகம்: சிறிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத வழவழப்பு. வளர வளர இவை மங்கலாம். பலருக்கு இருப்பதே இல்லை.

இந்த அறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரும். பார்த்ததைத் தேதியோடு எழுதி, குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்ப காலத்தில் மது குடித்ததுண்டா என்று தாயிடம் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பயந்துபோனால் அவர் சொல்லவே மாட்டார்.