திருகோணமலையில் சிறுதொழில் தொடங்க: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

"சுயதொழில் ஒன்று தொடங்க வேண்டும், லோன் எங்கே எடுக்கலாம்?" பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். லோனைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். நம் மாவட்டத்தில் கிடைக்கும் உதவியில் பாதி காசாக வருவதில்லை. பயிற்சியாக, பதிவாக, ஒரு உத்தியோகத்தரின் ஆலோசனையாக வரும். அவற்றைப் பெற்ற பிறகு வங்கிக்குப் போனால் பேச்சே வேறு.

விளங்குவதற்காக ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம்: வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் பைக்கற் போட்டு விற்பது.

படி 1: கணக்கு

அலுவலகம் எதற்கும் போகுமுன் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். செத்தல் மிளகாய் கிலோ 1,000 ரூபாய் என்று வைப்போம் (இன்றைய சந்தை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்). 5 கிலோவுக்கு 5,000. மில்லில் அரைக்க 500. காம்பும் சேதமும் போக நாலரைக் கிலோ தூள் மிஞ்சினால் 100 கிராம் பைக்கற் 45. பைக்கற்றும் லேபலும் ஒன்றுக்கு 10 ரூபாய்ப்படி 450. கடைகளுக்குக் கொண்டுபோக ஓட்டோ 600. மொத்தம் 6,550, அதாவது ஒரு பைக்கற்றுக்கு ஏறக்குறைய 146 ரூபாய்.

பலர் இங்கேயே நிறுத்தி, 160க்கு விற்றால் லாபம் என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் கூலி எங்கே? ஒரு நாள் வேலைக்கு 2,000 சேர்த்தால் அடக்கமே 190 ஆகிவிடும். அதற்கு மேல் கடைக்காரருக்கும் பங்கு வேண்டும். இந்த விலைக்கு உங்கள் ஊர்க் கடையில் போகுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். போகாது என்றால் வேறு பொருளை யோசிக்கலாம், இதுவரை ஒன்றும் நட்டமில்லை.

படி 2: பிரதேச செயலகம்

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. மூதூர்க்காரர் மூதூருக்கு, கிண்ணியாக்காரர் கிண்ணியாவுக்கு. இதற்காகக் கச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. உள்ளே போய், "சிறுதொழில் முயற்சிகளுக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். வெறுமனே "உதவி வேண்டும்" என்றால் மேசை மேசையாக அனுப்புவார்கள். கணக்குக் கொப்பியையும் காட்டுங்கள். என்னென்ன பயிற்சி வருகிறது, எந்தத் திட்டத்தில் பெயர் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விதாதா வள நிலையத்தைப் பற்றியும் கேளுங்கள். உணவு பதனிடல் போன்றவற்றுக்கு அங்கே தொழில்நுட்பப் பயிற்சி கிடைக்கும். கைத்தொழில் அபிவிருத்திச் சபை, தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபை ஆகியவற்றுக்கும் அவர் வழி சொல்வார்.

இயந்திரம் இலவசமாகத் தருகிறார்கள் என்றால் உடனே கையை நீட்டாதீர்கள். தைக்கத் தெரியாத வீட்டில் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடப்பதை நாம் பார்க்காததா?

படி 3: பதிவு

உங்கள் சொந்தப் பெயரில் அல்லாமல் 'இன்னார் ஃபுட்ஸ்' என்று பெயர் வைத்து நடத்தினால் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். விண்ணப்பம் பிரதேச செயலகத்திலேயே கிடைக்கும். அடையாள அட்டைப் பிரதி, இடம் உங்களுடையது அல்லது வாடகைக்கு எடுத்தது என்பதற்கான ஆவணம், கிராம உத்தியோகத்தரின் (ஜீ.எஸ்.) உறுதிப்படுத்தல் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். ஜீ.எஸ். கந்தோரில் இருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சாப்பாட்டுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், அதாவது பீ.எச்.ஐ.யையும் பார்க்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். பீ.எச்.ஐ. பிடிக்க வருமுன் நீங்களே போய், "இடம் எப்படி இருக்க வேண்டும், லேபலில் என்னென்ன போட வேண்டும்?" என்று கேட்டால் அரைவாசிச் சிக்கல் அங்கேயே தீரும். லேபலை அச்சடிப்பது அதற்குப் பிறகு. வியாபார அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதை உங்கள் உள்ளூராட்சி சபையில் கேளுங்கள்.

படி 4: தனிக் கணக்கு

வியாபாரக் காசுக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவை அதில் கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 5: இப்போது கடன்

சில மாத விற்பனை எழுதிய கொப்பியும் பதிவுச் சான்றிதழும் கையில் இருந்தால் பிரதேச அபிவிருத்தி வங்கி, மக்கள் வங்கி, இலங்கை வங்கி, சமுர்த்தி வங்கி எல்லாவற்றிலும் விசாரிக்கலாம். உங்கள் பழைய கடன் வரலாற்றைக் கிரிப் அறிக்கையில், அதாவது கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், பார்ப்பார்கள். மற்றவருக்குப் பிணை நின்றதும் அதில் தெரியும்.

வட்டி வீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு லட்சம் ரூபாய், ஒரு வருடம், 20 வீதம் என்று வைப்போம். முழுத்தொகைக்கும் வட்டி போட்டால் மாதம் 10,000, மொத்தம் 1,20,000 கட்டுவீர்கள். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் மாதம் சுமார் 9,263, மொத்தம் ஏறக்குறைய 1,11,160. வீதம் ஒன்றுதான், வித்தியாசம் எட்டாயிரத்துக்கு மேல். வீட்டு வாசலுக்கு வந்து கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடன் வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் மாட்டிய பெண்கள் நம் கிழக்கில் கொஞ்சமல்ல.

பருவத்தையும் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாவை நம்பிய தொழில் மே முதல் செப்டெம்பர் வரை நன்றாக ஓடும். மாரி மழை தொடங்கினால் அறைகள் காலி, செத்தல் மிளகாய் காயப்போடவும் வெயில் இருக்காது. தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். மழை மாதத்து வருமானத்தைக் கொண்டு கட்டக்கூடிய தொகையையே கேளுங்கள். கையெழுத்து வைக்குமுன் மாதத் தவணையையும் மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் வாங்குங்கள், படிவத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள்.