சின்னக் குழந்தைகளோடு சனி, ஞாயிறு ஊட்டி: ஏறுவதிலிருந்து இறங்குவது வரை

சனிக்கிழமை காலை ஏறி ஞாயிறு மாலை இறங்கினால் ஊட்டியில் கையில் கிடைப்பது ஒன்றரை நாள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் அதிலும் பாதி, தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். அதனால் டாக்ஸிக்காரர் நீட்டும் ‘பத்து பாயின்ட்’ அட்டையை வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தாவரவியல் பூங்கா, ஞாயிறு காலை குன்னூர் வரை மலை ரயில், பிறகு சிம்ஸ் பூங்கா. இவ்வளவு போதும். மிச்சக் கவனத்தையெல்லாம் மலைப்பாதையில் வையுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிற ஊட்டிப் பயணம் பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

கிளம்பும் முன்

சொந்தக் காரோ வாடகைக் காரோ, இ-பாஸ் (நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதி) வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6000, சனி ஞாயிறுகளில் 8000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். சீசன் சனிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பாஸ் தேடுவது வீண் வேலை. தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள். டிராவல்ஸ் வண்டி என்றால் எந்த நம்பர் வண்டி வரும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த நம்பருக்கே பாஸ் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் வண்டி மாறினால் சோதனைச்சாவடியில் நின்று மறுபடி பதிய வேண்டும், பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். அரசு பஸ்ஸில் போவோருக்குப் பாஸ் தேவையில்லை.

அடுத்தது பிளாஸ்டிக். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கேரி பேக் எல்லாம் மாவட்டத்துக்குள் தடை. சாவடியில் பையைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், கூடவே ஒரு லிட்டர் பிளாஸ்க் ஒன்று வெந்நீரோடு. இதில் பலர் யோசிக்காத ஒன்று வாந்தி கவர். கேரி பேக்கை நம்பிப் போகாதீர்கள். இறுக மூடும் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டு, குழந்தையின் காலடியில் வையுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும், மூடினால் நாற்றம் பரவாது. அடுத்து எங்காவது நிறுத்தும்போது தாளை மட்டும் மாற்றினால் போதும்.

ஏறும்போது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் பாதையில் ஏறத்தாழ 1900 மீட்டர் ஏறுகிறோம். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் வந்துவிடும், குன்னூர் வரைக்கும் 14.

வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதி தடுக்கலாம். உள்காது ‘வண்டி திரும்புகிறது’ என்கிறது, செல்போனைப் பார்க்கும் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைப் புரட்டுகிறது. ஆகவே கல்லாற்றில் செல்போனை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கட்டும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். பின்சீட்டின் நடுவில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும் உயரத்தில் உட்கார வையுங்கள். ஓரச் சன்னல் வழியாக மரங்கள் ஓடுவதைப் பார்த்தால் கூடுதலாகத்தான் தலைசுற்றும். சன்னலை இரண்டு விரல்கடை இறக்கிவிடுங்கள். காரில் தொங்கும் வாசனைத் திரவியத்தைக் கழற்றி டிக்கியில் போடுங்கள். அந்த வாசனையே பல குழந்தைகளுக்குக் குமட்டும்.

காலை உணவு ஏறத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியட்டும். இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டால் போதும். பூரி, வடை, ஒரு டம்ளர் பால் எல்லாம் மூன்றாவது வளைவில் திரும்பி வரும். வெறும் வயிறும் நல்லதல்ல, அதிலும் குமட்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக வருவதில்லை. மூன்றிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். முன்பே வாந்தி எடுத்துப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்றால் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். பெரியவர்கள் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். வாந்தி வந்த பிறகு மருந்து கொடுத்தும் பயனில்லை, அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

காது அடைப்பது இன்னொன்று. விழுங்கும்போதெல்லாம் காது திறக்கும். கைக்குழந்தைக்கு ஏற்றத்தில் இடையிடையே வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் தண்ணீர். கெட்டியான சளியோ காதுவலியோ இருந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஏறும்போது பொறுத்துக்கொள்ளும் பிள்ளை இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டு அலறும்.

பர்லியாரில் கால் மணி நேரம் நிறுத்தலாம். சீசனில் மங்குஸ்தான் கிடைக்கும். குரங்குகள் இருக்கின்றன, குழந்தையின் கையில் பிஸ்கட் பொட்டலம் இருக்கக் கூடாது. கீழே சாதாரணமாக இருந்த சிப்ஸ் பாக்கெட் குன்னூரில் பலூன்போல் உப்பி நிற்கும், காற்றழுத்தம் குறைவதால். இதே காரணத்தால் பால் புட்டி மூடியைத் திறந்தால் பீய்ச்சி அடிக்கும். நிப்பிளை லேசாகத் தளர்த்தி, காற்றை விட்டபின் திறவுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். தங்கும் இடம் பார்க்கும்போதே இதை மனத்தில் வையுங்கள்.

தங்குமிடமும் குளிரும்

‘வியூ’ இருக்கிறதா என்று கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும்? அறையில் கெட்டில் இருக்கிறதா? கார் வாசல் வரை வருமா? பல விடுதிகள் சரிவில் கட்டியவை. அறுபது படி இறங்கி அறைக்குப் போகும் இடமும் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். ஊட்டி நகர நடுவிலுள்ள சேரிங் கிராஸ் சந்திப்பைச் சுற்றி எடுத்தால் பூங்காவும் மருந்துக்கடையும் பக்கம், ஆனால் சத்தம் உண்டு. குழந்தை இருந்தால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு பக்கத்திலேயே எடுப்பது மேல்.

மே மாதத்தில்கூட இரவு 12 டிகிரி வாக்கில் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிசாக மூன்று அடுக்கு நல்லது: உள்ளே பருத்தி பனியன், மேலே முழுக்கை, அதற்கு மேல் ஸ்வெட்டர். ஓடியாடினால் வியர்க்கும், நனைந்த பனியன்தான் குளிரைப் பிடித்துவைக்கும். ஆகவே இரண்டு பனியனும் இரண்டு ஜோடி சாக்ஸும் டிக்கியில் வேண்டாம், தோள்பையில் இருக்கட்டும். குல்லா காதை மூட வேண்டும். குளிராக இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் கூடும், மத்தியான வெயிலில் கன்னம் சிவந்துபோகும்.

இரவில் கைக்குழந்தை மேல் ஹோட்டலின் கனத்த ரஜாயைப் போர்த்தாதீர்கள். முகத்துக்கு ஏறினால் அதற்குத் தள்ளத் தெரியாது. உடுப்பிலேயே அடுக்கைக் கூட்டுங்கள். அறைக்குள் கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போகும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் சன்னலைத் திறந்துவைத்தே குளிப்பாட்டுங்கள்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்கும் தண்ணீர் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கெட்டில் முதல் கொதியிலேயே தானாக அணையும், மறுபடி மறுபடி தட்டிவிடுங்கள். கெட்டிலில் நூடுல்ஸ் போட்டால் வேகவே மாட்டேன் என்கிறதே என்று நொந்துகொள்வோருக்கும் இதுதான் காரணம்.

சனிக்கிழமை சாயங்காலம்

பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தால் சாப்பாடு, தூக்கம். மூன்றரைக்கு எழுப்பித் தாவரவியல் பூங்கா. 1848இல் தொடங்கிய இந்தப் பூங்கா 55 ஏக்கர், முழுக்கச் சரிவு. வாசல் அடிவாரத்தில் இருப்பதால் போகப்போக ஏற்றம். தள்ளுவண்டி இங்கே சுமைதான். நெஞ்சில் கட்டும் கேரியர் கொண்டுவாருங்கள். கீழே இருக்கும் புல்வெளியோடு நின்றுவிட்டால் குழந்தைக்கும் சந்தோஷம், உங்கள் முட்டிக்கும் நல்லது. மலர்க் கண்காட்சி சமயத்தில் புல்வெளிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மே மாதத்தில் வருபவர்களுக்கு அந்தச் சுகம் கிடைக்காமல் போகலாம். ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள், இருட்டியதும் குளிர் சட்டென்று இறங்கும். இரவுக்கு ரசம் சாதம் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள், தயிர் வேண்டாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஊட்டி வர்க்கி என்னும் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டத்தை மறுநாள் ரயிலுக்கு வையுங்கள், கொறிக்க உதவும்.

ஏரிக்குப் போக வேண்டாமா என்பீர்கள். சனி, ஞாயிறு மத்தியானம் படகுக்கு வரிசையில் நிற்க மூன்று வயதுப் பிள்ளையிடம் பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமை இரவே வந்து தங்குபவர்கள் சனிக்கிழமை காலை திறந்ததும் போய்வரலாம். குழந்தை அளவு உயிர்காப்பு உடுப்பு இருந்தால் மட்டும் ஏறுங்கள். பெரியவர்களின் உடுப்பைப் போட்டால் கழுத்து வழியாக நழுவிவிடும். தொட்டபெட்டா 2637 மீட்டர். கைக்குழந்தைக்குக் காற்று அதிகம், பெற்றோருக்கு டிராஃபிக் அதிகம். தைரியமாக விட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில் ஊட்டி வரக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது, சீட்டும் நெருக்கம். பல்சக்கரத்தில் ஏறுவது பெரியவர்களுக்குப் பெரிய அதிசயம், ஆனால் நாலு வயதுக்கு முதல் ஒரு மணி நேரம்தான் வேடிக்கை. சின்னவர்களுக்குச் சரியான அளவு ஊட்டி–குன்னூர் துண்டு: 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் நிலையங்கள் வழியாக. இது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜின் குன்னூருக்குக் கீழேதான். பிள்ளைக்குப் புகைவண்டி காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கும், சீசன் வார இறுதி உடனே தீர்ந்துவிடும். காலை வண்டியில் மற்றவர்கள் ஏற, ஒருவர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு குன்னூர் ஸ்டேஷனில் காத்திருக்கலாம். ஏறும் முன் ஸ்டேஷனிலேயே குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது சகஜம், அந்த மாதங்களில் ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

குன்னூரிலிருந்து காரில் சிம்ஸ் பூங்கா. இங்கே வாசல் மேலே, குளம் கீழே. இறங்கும்போது குதித்துக்கொண்டு ஓடும் பிள்ளை திரும்பும்போது ‘தூக்கு’ என்று நிற்கும். தூக்குபவர் யார் என்பதை மேலேயே முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். விளையாட்டுத் திடல் உண்டு, ஒன்றரை மணி நேரம் போதும்.

குரங்கு கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் அப்பிவிட்டு ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்குங்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் பாஸ்டியர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகவே தொடங்கியதுதான்.

இறங்கும்போது

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குள் குன்னூரை விட்டுவிடுங்கள். நாலு மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஒரே பாதையில் இறங்கும். இரவு மேட்டுப்பாளையத்தில் சென்னை ரயிலைப் பிடிப்பவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்.

இரண்டாவது கியரில் இறங்குங்கள், ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழி. காது அடைப்பது இறங்கும்போதுதான் கடுமை, எனவே தூங்கும் குழந்தையை அடிவாரம் வருவதற்கு முன் ஒருமுறை எழுப்பி இரண்டு வாய் தண்ணீரோ பாலோ கொடுங்கள். ஸ்வெட்டரையும் அப்போதே கழற்றிவிடலாம். கீழே இறங்க இறங்கச் சூடு கூடும், உள்ளே பனியன் நனைந்திருந்தால் மாற்றிவிட்டு மேட்டுப்பாளையம் போங்கள்.