‘ஸ்டார்ட்’ எங்கே, ‘பிகின்’ எங்கே?

கல்லடியில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தொடங்குவதைச் சொல்ல ‘ஸ்டார்ட்’ போடுவதா, ‘பிகின்’ போடுவதா என்று அவர்கள் அடிக்கடி கேட்பார்கள். பாடம், மழை, கூட்டம் என்றால் எதைப் போட்டாலும் சரி. ‘பிகின்’ கொஞ்சம் எழுத்து நடைக்குரியது, அவ்வளவுதான்.

வித்தியாசம் வருவது இயந்திரத்தில். மோட்டார் சைக்கிளையோ வாவியில் ஓடும் படகின் எஞ்சினையோ இயக்க ‘ஸ்டார்ட்’ மட்டும்தான். காத்தான்குடியில் புதிதாகக் கடை போடுவதற்கும், விடியவெள்ளென கொழும்புக்கு வெளிக்கிடுவதற்கும் அதுவே.

இறந்தகாலத்தைக் கவனமாகப் படியுங்கள், பரீட்சையில் புள்ளி போவது இங்கேதான். ‘ஸ்டார்ட்’டுக்கு ‘ஸ்டார்ட்டட்’ ஒன்றே போதும். ‘பிகின்’ அப்படியல்ல. நேற்று நடந்ததற்குத் தனியே ‘பிகான்’. ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ முன்னால் வந்தால் ‘பிகன்’. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதிப் பார்ப்பதை விட அதில்தான் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அனுபவம்.

அடுத்து வரும் வினை? ‘இட் ஸ்டார்ட்டட்’ என்ற பிறகு ‘டு ரெய்ன்’, ‘ரெய்னிங்’ இரண்டும் பொருந்தும். ஆனால் ‘இட் இஸ் ஸ்டார்ட்டிங்’ என்று சொல்லிவிட்டால் ‘டு ரெய்ன்’ என்றே முடியுங்கள். இரண்டு ‘இங்’ அடுத்தடுத்து வந்தால் காதுக்கு இடறும்.

இன்னொரு விஷயம். ‘அட் த பிகினிங்’ என்ற பின் ‘ஒவ் மே’ என்பது போல எதன் தொடக்கம் என்று வர வேண்டும். ‘முதலில் அப்படி இருந்தது, பிறகு மாறியது’ என்று சொல்ல ‘இன் த பிகினிங்’.

தொடங்குவதைச் சொல்லும் இன்னொரு சொல்லான ‘கமென்ஸ்’ அலுவலகக் கடிதத்துக்கும் அழைப்பிதழுக்கும் நல்லது. நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது வேண்டாம்.