தரைக்கல் கணக்கும் உலாவியில் ஓடும் நிரலும்

காரைக்குடி வட்டாரத்தில் இணையப் பக்கம் அமைத்துத் தருபவர்களிடம் வரும் வேலைகள் பெரும்பாலும் சிறியவை: பலகாரக் கடை, விடுதியாக மாறிய பழைய வீடு, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை. இவற்றுக்கு ரியாக்ட் போன்ற பெரிய நிரல் கட்டமைப்பு தேவையில்லை. உலாவியில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் நன்கு எழுதிய ஒரு சிறிய கோப்பே போதும். பட்டறைப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் எத்தனை கல் வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். கல்லின் பூ வேலைப்பாட்டைப் பெயர் சொல்லித் தேடவும் வழி இருக்க வேண்டும்.

முதலில் நிரல் இல்லாமலே பக்கத்தை முழுமையாக எழுதுங்கள். தொலைபேசி எண், கல்லின் அளவு, விலை ஆகியவை பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லிலேயே இருந்தால், நிரல் இறங்காத செல்பேசியிலும் வாடிக்கையாளர் அழைத்துப் பேச முடியும். நிரல் கோப்பை இணைக்கும்போது ‘டிஃபர்’ என்ற பண்பைச் சேர்த்தால், உலாவி பக்கத்தைப் படித்துக்கொண்டே கோப்பை இறக்கி, படித்து முடித்த பிறகே அதை இயக்கும். இன்னொரு பண்பான ‘அசிங்க்’, கோப்பு இறங்கிய உடனேயே அதை இயக்கிவிடும். எந்தக் கோப்பு முந்தும் என்ற உறுதி இல்லாததால், ஒன்றையொன்று சாராத கோப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

அடுத்தது கணக்கு. உள்ளீட்டுப் பெட்டியின் ‘வேல்யூ’ எப்போதும் எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகவே வரும். வாடிக்கையாளர் 173 கல் என்று தட்டி, உடைசலுக்காக நிரல் 10 கூட்டினால், விடை 183 ஆகாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு 17310 ஆகிவிடும். எனவே பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே ‘நம்பர்’ கொண்டு எண்ணாக மாற்றி, கிடைத்தது சரியான எண்தானா என்று ‘நம்பர்.இஸ்ஃபைனைட்’ கொண்டு சரிபார்த்துவிடுங்கள்.

12 அடிக்கு 10 அடி அறையில் 10 அங்குலச் சதுரக் கல் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். பரப்பை வகுத்தால் 172.8 வரும், மேல்நோக்கி முழுமையாக்கினால் 173. ஆனால் நீளவாக்கில் 14.4 கல் பிடிக்கிறது. ஒரு வரிசைக்கு 15, அகலவாக்கில் 12 வரிசை என்று எண்ணினால் 180 ஆகும். பூ பொருந்த வேண்டிய கல்லில் வெட்டிய மிச்சத்தை வேறிடத்தில் பதிப்பது அரிது என்பதால், நீளம், அகலம் இரண்டையும் தனித்தனியே வகுத்து, ஒவ்வொன்றையும் ‘மேத்.சீல்’ கொண்டு மேல்நோக்கி முழுமையாக்கிப் பெருக்குவதே ஏற்றது. தொகையைக் காட்ட ‘இன்டல்.நம்பர்ஃபார்மட்’ உண்டு, அதில் இந்திய வழக்கைக் குறிப்பிட்டுவிடுங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்தால், வழக்கைக் குறிப்பிடாத பக்கம் அவருடைய உலாவியின் அமைப்பைப் பின்பற்றி 1,25,000 என்பதை 125,000 என்று காட்டக்கூடும்.

தமிழ் எழுத்தைக் கையாள்வதில்தான் பலரும் கவனம் செலுத்துவதில்லை. ‘ஆத்தங்குடி’ என்பதில் நாம் எண்ணுவது ஆறு எழுத்து. சரத்தின் நீளத்தைத் தரும் ‘லெங்த்’ சொல்வது 10. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். சிறிய திரைக்காக இப்பெயரை முதல் ஐந்து இடத்தோடு ‘ஸ்லைஸ்’ கொண்டு வெட்டினால் ங்-இன் புள்ளி கழன்று ‘ஆத்தங’ என்று நிற்கும். வெட்டுவதற்கு, முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் ‘இன்டல்.செக்மென்டர்’ பயன்படுத்துங்கள், 2024 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது உண்டு. தேடலுக்கு இன்னொரு முன்னேற்பாடு தேவை. ‘கொடிப்பூ’ என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் எனப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ வேறு வேறு. பட்டியலில் உள்ள பெயரையும் தட்டிய சொல்லையும் ‘நார்மலைஸ்’ வழியே, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிய பின் ஒப்பிட்டால் தேடல் தவறாது.

தேடிய சொல்லைத் திரையில் திருப்பிக் காட்ட ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டாம். யாரேனும் நிரல் துண்டைத் தட்டிவிட்டால் அது இயங்கிவிடக்கூடும். ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ அதை வெறும் எழுத்தாகவே காட்டும். விலைக் கணக்கையும் உலாவியோடு விட்டுவிடக் கூடாது. எஃப்12 விசையை அழுத்தி உலாவியின் டெவ்டூல்ஸ் கருவியைத் திறக்கத் தெரிந்த எவரும் அங்கே எண்ணை மாற்றலாம் என்பதால், ஆர்டரை ஏற்கும் முன் சர்வர் மறுபடி கணக்கிட வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, பிழைகளை முன்கூட்டியே காட்ட ஈஎஸ்லின்ட்டும் உலாவியிலேயே உள்ள டெவ்டூல்ஸும் போதும். டெவ்டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் இணைய வேகத்தைக் குறைத்துவைத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அலுவலகத்து வைஃபையில் தெரியாத தாமதம் அப்போது தெரியும். நிரலைத் திருத்திய ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்பே வந்துபோன வாடிக்கையாளரின் உலாவி, சேமித்து வைத்த பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும்.