வட்டார ஒப்பந்தம் நிலைக்குமா: கையெழுத்தான வாரத்திலேயே கணிப்பது எப்படி?

கோலாலம்பூரில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உச்சநிலை மாநாடு நடந்தால் சாலைகளை மூடுவார்கள், தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் பத்திரிகையில் கூட்டறிக்கை வரும். "எல்லாம் பேச்சோடு சரி" என்று அதை மடித்து வைத்துவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நான் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஃபார்வர்டிங் வேலை செய்கிறவள். கப்பலேறும் சரக்குக்கும் எல்லை தாண்டும் லோரிக்கும் சுங்கப் பாரம், அதாவது படிவம், தயார் செய்வது என் பிழைப்பு. சில ஒப்பந்தங்களால்தான் என் அலுவலகமே ஓடுகிறது. சிலவற்றால் ஒரு தாள்கூட நகரவில்லை. எது எந்த ரகம் என்பதை முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

முதலில், ஒப்பந்தம் எந்த அதிகாரியின் மேசைக்கு வரப்போகிறது என்று தேடுங்கள். "வலுப்படுத்துவோம்", "ஆராய்வோம்" என்ற சொற்கள் யார் மேசைக்கும் வராது. ஒரு பாரம், ஒரு விழுக்காடு, ஒரு தேதி, ஒரு முத்திரை இருந்தால் வரும்.

ஃபார்ம் டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் ஆசியானில் செய்யப்பட்டது என்பதற்கான சான்றிதழ் அது. அது இருந்தால் பெரும்பாலான பொருளுக்கு அக்கரையில் இறக்குமதி வரி இல்லை. தகுதி பெறும் வழிகளில் ஒன்று எளிய கழித்தல் கணக்கு: ஏற்றுமதி விலையில் குறைந்தது 40 விழுக்காடு ஆசியானுக்குள் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் உள்ள பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை 100 ரிங்கிட்டுக்கு விற்கும் பம்பில் சீனாவிலிருந்து வந்த பாகம் 62 ரிங்கிட் என்றால் மீதி 38, தேறாது. அந்த 62-இல் 10 ரிங்கிட் பாகத்தைத் தாய்லாந்தில் ஃபார்ம் டி-யோடு வாங்கினால் வெளிப்பாகம் 52, மீதி 48, தேறிவிடும். அதனால் பிறைக்காரர் தாய்லாந்தில் பாகம் செய்கிறவரைத் தேடிப் போகிறார். நாளைக்கு இந்தச் சலுகையை நிறுத்துகிறோம் என்று யாராவது சொன்னால், எல்லைக்கு இரண்டு பக்கமும் அமைச்சர் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட ஆள் இருக்கும். ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த வேலையில் இன்னொன்றும் தெரியவரும். ஃபார்ம் டி தாளில் இருந்த காலத்தில், கையெழுத்துப் போடும் அதிகாரிகளின் கையெழுத்து மாதிரியையும் முத்திரையையும் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பி வைத்திருக்கும். ஒருவர் மாற்றலாகி, புதியவருடைய மாதிரி அங்கே போய்ச் சேரவில்லை என்றால், அக்கரைச் சுங்கம் தாளைத் திருப்பிவிடும். பினாங்கிலிருந்து சுமத்திராவின் பெலாவான் துறைமுகத்துக்குக் கப்பல் சீக்கிரமே போய்விடும், கூரியரில் போகும் தாள்தான் பின்னால் வரும். சரக்கு துறைமுகத்தில் கிடக்க, வாடகை ஏறும். பத்துத் தலைவர்கள் கைகோத்தாலும் ஒரு கையெழுத்து மாதிரி இல்லாமல் வரிச்சலுகை கிடைக்காது. 2018 ஜனவரி 1-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்தும் மின்னணு ஃபார்ம் டி-யைப் பரிமாறத் தொடங்கின. 2019 முடிவதற்குள் அப்போதிருந்த பத்து நாடும் சேர்ந்துவிட்டன. என்னைப் பொறுத்தவரை பல மாநாடுகளைவிடப் பெரிய காரியம் அது.

அடுத்து, நடைமுறை விவரங்களைச் சொல்லும் பின்னிணைப்புகள் எழுதி முடிந்துவிட்டனவா என்று கேளுங்கள். லோரி சரக்கை வழியில் இறக்கி ஏற்றாமல் பல எல்லைகளைத் தாண்ட வேண்டும் என்பதற்கான ஆசியான் உடன்பாடு 1998-இல் ஹனோயில் கையெழுத்தானது. எந்த எல்லைச் சாவடி, எந்த வகை லோரி, வரிக்கு யார் பிணை என்பதெல்லாம் தனித்தனி நெறிமுறைகளுக்குத் தள்ளப்பட்டது. அவை வந்து, அதற்கான கணினி முறை ஓடத் தொடங்கியது 2020 நவம்பரில். இடையில் 22 ஆண்டு. "விவரங்கள் பின்னர்" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் உங்கள் நம்பிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி: செலவு யாருக்கு, ஆதாயம் யாருக்கு? புகைமூட்டத்தைப் பாருங்கள். எல்லை தாண்டும் புகைமூட்டத் தூய்மைக்கேடு பற்றிய ஆசியான் உடன்பாடு 2002 ஜூன் 10-ஆம் தேதி நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே நடைமுறைக்கும் வந்தது. சுமத்திராவிலும் களிமந்தானிலும் கரிநிலத்தைக் கொளுத்தாமல் வேறு வழியில் செப்பனிடும் செலவு இந்தோனேசியாவுக்கு. தெளிந்த வானம் நமக்கும் சிங்கப்பூருக்கும். இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014-இல்தான். மறு ஆண்டே, 2015-இல், பள்ளிகளை மூடும் அளவுக்குப் புகை வந்தது. மீறினால் தண்டனை என்ன என்று உடன்பாட்டில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்தோனேசியாவை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்ளக் கூடாது. அங்கே செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளும் உண்டு. பிள்ளைக்கு ஆஸ்துமா உள்ள ஒவ்வொரு தாய்க்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மலாக்கா நீரிணை இதற்கு நேர்மாறு. 2004-இல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் கடற்கொள்ளைக்கு எதிராகச் சேர்ந்து ரோந்து தொடங்கின. 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் குழு நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. பிரீமியம் ஏறினால் மூன்று நாட்டுத் துறைமுகத்துக்கும் அடி. 2006 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. தாய்லாந்து 2008-இல் சேர்ந்துகொண்டது. அவரவர் கடலில் அவரவர் கப்பல் என்பதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் எல்லாராலும் ஒத்துப்போக முடிந்தது.

இனி நான் மிகவும் மதிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். சச்சரவு உள்ள இடத்தில் எதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தாய்லாந்து வளைகுடாவில் லோசின் என்று ஒரு சிறு பாறை. அதிலிருந்து கடல் எல்லையை அளக்கலாம் என்றது தாய்லாந்து, கூடாது என்றது மலேசியா. இரண்டு கோட்டுக்கும் நடுவில் சுமார் 7,250 சதுர கிலோமீட்டர் கடல், அடியில் எரிவாயு. 1979-இல் சியாங்மாயில் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் எல்லையைத் தீர்க்கவில்லை. 50 ஆண்டுக்கு அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும், கிடைப்பதையும் செலவையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்றது. 1990-இல் கூட்டு ஆணையத்துக்கான உடன்பாடு. அதன் அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. 2005-இலிருந்து எரிவாயு வருகிறது. பங்காளிகள் வரப்புச் சண்டையை ஒத்திவைத்து விளைச்சலைப் பாதி பாதி அளந்துகொண்ட மாதிரி.

இதே தாய்லாந்து 2001-இல் கம்போடியாவோடும் இதே வளைகுடாவில் ஒரு ஒப்பந்தம் போட்டது. அதில் எல்லை வகுப்பதும் வளம் பகிர்வதும் பிரிக்க முடியாத ஒரே தொகுப்பு என்று எழுதினார்கள். எல்லை தீரவில்லை, எரிவாயுவும் வரவில்லை. நில எல்லையிலோ இரண்டு நாடும் சண்டையில் இறங்கின: 2025 ஜூலையில் புத்ராஜெயாவில் போர்நிறுத்தம், அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்து, டிசம்பரில் மறுபடி சண்டை. 1979, 2001 ஆகிய இரண்டு கடல் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே நாடு, ஒரே கடல். ஒரு நிபந்தனை சேர்ந்ததும் விளைவு எங்கே போய் நின்றது என்று தெரியும்.

பெரிய உறுப்பினர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1985-இல் டாக்காவில் தொடங்கிய தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஆசியானிலும் அதே விதிதான். ஆகவே, ஒருமித்த முடிவு என்ற விதிதான் சார்க்கைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. சார்க் நாடுகளின் பொருளாதாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியா. அதற்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நம்பிக்கை இல்லை. 2014 காட்மாண்டுவுக்குப் பிறகு உச்சநிலை மாநாடே நடக்கவில்லை. 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, காஷ்மீரின் ஊரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு நின்றது. தங்களுக்குள் செய்யும் வாணிபம் மொத்தத்தில் 5 விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. உறவு முறிந்தால் நட்டப்படும் வணிகர் குறைவு, சத்தம் போடவும் ஆளில்லை. இங்கே இந்தோனேசியா, 1966 வரை மலேசியாவோடு மோதிய நாடு, 1967-இல் நம்மோடு சரிசமமாக உட்கார்ந்தது. ஜகார்த்தா செயலகத்துக்கு புருணை, லாவோஸ், இந்தோனேசியா எல்லாம் ஒரே தொகைதான் கட்டுகின்றன. சின்ன நாடு முகம் சுளிக்காமல் இருக்க இது உதவுகிறது. செயலகம் எப்போதும் காசில்லாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நம் நாட்டையும் இதே தராசில் நிறுத்துங்கள். கார்களுக்கு வரி குறைக்க வேண்டிய நேரத்தில், தன் தேசியக் காரான புரோட்டோனைக் காக்க மலேசியா 2005 வரை தவணை கேட்டு வாங்கியது. கார் உற்பத்தியில் முன்னேறியிருந்த தாய்லாந்துக்கு அது பிடிக்கவில்லை. வரி ஏறக்குறைய இல்லாமலே போன பிறகும், ஆசியான் நாடுகள் தங்களுக்குள் செய்யும் வாணிபம் மொத்தத்தில் கால்வாசியைத் தாண்டி வளராததற்கு, ஒவ்வொரு நாடும் பெர்மிட், தர விதி என்று பின்கதவில் போட்டு வைத்திருக்கும் தாழ்ப்பாள்கள் ஒரு காரணம். எங்கள் மேசையில் அதிக நேரத்தைத் தின்பவை அவைதான்.

பழகிப் பார்க்கப் புது ஒப்பந்தம் ஒன்று கையிலேயே இருக்கிறது. ஆசியான் சரக்கு வாணிப உடன்பாட்டை மேம்படுத்தும் நெறிமுறை 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. ஆசியான் செயலகத்தின் இணையத்தளத்தில் வாசகத்தை எடுங்கள். பாரம், விழுக்காடு, தேதி வரும் இடங்களில் கோடிடுங்கள். எந்தெந்த நாடு ஏற்பிசைவு, அதாவது கையெழுத்துக்குப் பிந்தைய முறையான ஒப்புதல், கொடுத்துவிட்டது என்று குறித்து வையுங்கள். வரி தவிர்த்த தடைகளைப் பற்றிய பகுதியில், புகார் கொடுத்தால் எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆறு மாதம் கழித்து, பட்டர்வொர்த்தில் ஏதாவது ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்துக்குள் போய், அந்த விதியை வைத்து யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.